மரத்தால் வரையும் ஓவியம்: மார்க்கெட்ரி பலகை செய்முறை விளக்கம்



செயல்முறையை விளக்கி எழுதச் சொன்னால் நம் மாணவர்களில் பலர் தேநீர் கலக்குவதையோ பட்டம் செய்வதையோ எடுத்துக்கொள்வார்கள். தவறில்லை. ஆனால், எல்லாருக்கும் தெரிந்த செயலை விளக்கும்போது ஒரு சிக்கல் வருகிறது. விட்டுப்போன படிகளை வாசிப்பவரே மனத்தில் நிரப்பிக்கொள்கிறார். விளக்கத்தில் ஓட்டை இருப்பது எழுதியவருக்கும் தெரிவதில்லை, திருத்துபவருக்கும் தெரிவதில்லை.

அதனால் இம்முறை நம்மில் பலருக்குப் பழக்கமில்லாத ஒரு கைவினையை எடுத்துக்கொண்டேன். ஸ்க்ரோல் ரம்பம் கொண்டு மார்க்கெட்ரி பலகை செய்வது எப்படி? இதில் ஒரு படி மாறினாலும் மரம் வீணாகும், விரலுக்கும் ஆபத்து. ஏன் இப்படிச் செய்கிறோம் என்ற காரணத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் விளக்கம் நிற்கும். பள்ளிப் பட்டறையில் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியருக்கு இது செய்முறை. தேர்வு மாணவருக்கு இது கருத்து விளக்கக் கட்டுரைக்கு ஒரு மாதிரி. கடைசிப் பகுதியில் மொழிக் குறிப்புகளும் பயிற்சியும் உள்ளன.

1. மார்க்கெட்ரி என்றால் என்ன?

மரத்தை மிக மெல்லிய தாள்களாகச் சீவி எடுத்தால் கிடைப்பது வெனீர். இதன் தடிப்பு பொதுவாக 0.6 முதல் 0.9 மில்லிமீட்டர் வரை இருக்கும். வெவ்வேறு நிறமுள்ள வெனீர் தாள்களைத் துண்டு துண்டாக அறுத்து, ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் பொருத்தி, ஒரு பலகையின் மேல் ஒட்டி உருவாக்கும் படமே மார்க்கெட்ரி. வண்ணம் தீட்டுவதில்லை. மரத்தின் சொந்த நிறமும் ரேகையும்தான் வண்ணம்.

இதோடு குழம்பிக்கொள்ளும் இன்னொரு கலை இன்லே, அதாவது பதிப்பு வேலை. கட்டியான மரத்தில் பள்ளம் தோண்டி, அந்தப் பள்ளத்தில் வேறு மரத்தையோ தந்தத்தையோ பதிப்பது இன்லே. புவிசார் குறியீடு பெற்ற மைசூர் ரோஸ்வுட் இன்லே இந்த வகையைச் சேர்ந்தது. சுருக்கமாகச் சொன்னால், இன்லேயில் பள்ளம் உண்டு. மார்க்கெட்ரியில் பள்ளம் கிடையாது. முழுப் பரப்பையும் வெனீர் துண்டுகளே மூடும்.

மரத்துண்டுகளால் படம் அமைக்கும் கலை ஐரோப்பாவில் எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு ஒரு சான்று, இத்தாலியின் குபியோ நகர அரண்மனையிலிருந்த படிப்பறை. உர்பினோ பிரபு பெடெரிகோ ட மோன்டெபெல்ட்ரோவுக்காக ஏறத்தாழ 1478 முதல் 1482 வரை செய்யப்பட்ட அந்த அறையின் சுவர்ப் பலகைகள் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன. திறந்து கிடக்கும் அலமாரிக் கதவுகள், உள்ளே புத்தகங்கள், இசைக்கருவிகள் என்று கண் பார்க்கிறது. கை வைத்தால் தட்டையான சுவர். எல்லாம் மரத்துண்டுகள்.

பின்னர் பிரான்சில் ஆந்திரே சார்ல் பூல் (1642–1732) என்ற கலைஞர் ஆமையோட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே தடவையில் அறுத்தார். பித்தளைப் பூ ஆமையோட்டுப் பின்னணியில் உட்கார்ந்தது. மீதமான ஆமையோட்டுப் பூ பித்தளைப் பின்னணியில் உட்கார்ந்தது. ஒரே அறுப்பில் இரண்டு படங்கள்! இந்த யோசனையைத்தான் நாம் கீழே பயன்படுத்தப் போகிறோம்.

2. ஸ்க்ரோல் ரம்பம் எப்படி வேலை செய்கிறது?

தையல் இயந்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஊசி மேலும் கீழும் போகும், துணியை நாம் திருப்புவோம். ஸ்க்ரோல் ரம்பமும் ஏறக்குறைய அப்படித்தான். சுமார் 13 சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய அலகு, மேல் கைக்கும் கீழ்க் கைக்கும் நடுவில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். மோட்டார் அதை மேலும் கீழும் ஆட்டும். அலகு இருந்த இடத்திலேயே இருக்கும், மரத்தை நாம்தான் நகர்த்துகிறோம். அதனால் கூர்மையான வளைவுகளையும் அறுக்க முடிகிறது.

வாங்கும்போதும் பயன்படுத்தும்போதும் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, அலகு. முனையில் குறுக்குக் கம்பி உள்ள அலகுகள் தடிமனானவை, இந்த வேலைக்கு ஒத்துவராது. கம்பியில்லாத சாதா முனை அலகைப் பிடிக்கும் இயந்திரமே வேண்டும். நகை வேலைக்குப் பயன்படும் 2/0 போன்ற மெல்லிய அலகுகள் பொருத்தமானவை. அலகின் பற்கள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கி இருந்தால் ஒவ்வோர் அசைவிலும் வெனீரைத் தூக்கி அடிக்கும்.

இரண்டாவது, வேகம். பல இயந்திரங்களில் நிமிடத்துக்குச் சுமார் 400 முதல் 1800 அசைவுகள் வரை மாற்றிக்கொள்ளலாம். வெனீருக்குக் குறைந்த வேகமே போதும். வேகம் கூடினால் கோட்டைப் பின்தொடர முடியாது.

மூன்றாவது, மேசையின் துளை. அலகு இறங்கும் துளை பெரிதாக இருந்தால் சின்னத் துண்டுகள் அதற்குள் விழுந்துவிடும். ஒரு மெல்லிய பிளைவுட் துண்டில் அலகு நுழையும் அளவுக்கு மட்டும் ஊசித்துளை போட்டு, மேசைமேல் ஒட்டிவிடுங்கள். செலவில்லாத உபாயம் இது. வெனீரின் அடிப்பக்கம் பிசிறு தட்டாமலும் இருக்கும்.

3. படமும் மரமும்

எடுத்துக்காட்டுக்கு நம் தேசிய மலரான செம்பருத்தியை எடுத்துக்கொள்வோம். பலகை அளவு 20 சென்டிமீட்டர் சதுரம். ஐந்து இதழ்கள், நடுவில் ஒரு மகரந்தத் தண்டு, இரண்டு இலைகள், ஒரு காம்பு. மொத்தம் 9 துண்டுகள். பின்னணியையும் சேர்த்தால் 10.

வரையும்போது ஒரு விதி: ஒவ்வொரு வடிவமும் மூடிய கோடாக இருக்க வேண்டும். பாதியில் நிற்கும் கோட்டை அறுத்தால் துண்டு வராது, வெறும் கீறல்தான் வரும். ஊசிபோல் கூர்ந்து முடியும் முனைகளையும் தவிர்த்துவிடுங்கள். அவைதான் முதலில் ஒடியும்.

நிறத்துக்கு ஏற்ற மரங்கள் இவை:

பின்னணி: மேப்பிள். வெளிறிய நிறம், ரேகை அமைதியாக இருக்கும்.
இதழ்: படாக். செம்மஞ்சள் கலந்த சிவப்பு.
மகரந்தத் தண்டு: பலா. வைரம் பாய்ந்த பகுதி நல்ல மஞ்சள்.
இலை, காம்பு: வால்நட். பழுப்பு.

"டீச்சர், இலை பச்சையாக இருக்க வேண்டாமா?" என்று மாணவர்கள் கேட்பார்கள். சாயம் ஏற்றிய பச்சை வெனீர் கடைகளில் கிடைக்கிறது, பயன்படுத்தலாம். ஆனால் மார்க்கெட்ரியில் நிறத்தைவிட வெளிச்சம், நிழல் வேறுபாடுதான் முக்கியம். கறுப்பு வெள்ளைப் படத்தில் இலையை நாம் அடையாளம் காண்பதில்லையா? அதுபோல.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இயற்கை நிறம் நிலைத்து நிற்காது. படாக் வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாகும், பலாவின் மஞ்சளும் நாளடைவில் கருக்கும். பலகையை நேரடி வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு பொறுப்பும் இருக்கிறது. ஈட்டி மரம் உள்ளிட்ட பெரும்பாலான டால்பெர்ஜியா மரங்கள் 2017 முதல் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. அனுமதிச் சான்று இல்லாமல் நாடு விட்டு நாடு வணிகம் செய்ய முடியாது. பள்ளி வேலைக்கு அந்த மரம் தேவையும் இல்லை.

ரேகையின் திசையை மறந்துவிடாதீர்கள். செம்பருத்தி இதழில் நரம்புகள் நடுவிலிருந்து வெளியே விரியும். மர ரேகையும் அப்படியே விரிந்தால் இதழ் உயிரோடு இருப்பதுபோல் தெரியும். ஐந்து இதழ்களிலும் ரேகை ஒரே பக்கம் ஓடினால், காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல் ஆகிவிடும்.

4. அறுக்கும் முறைகள்: இரண்டில் எது?

இனிதான் கட்டுரையின் மையம். ரம்பம் அறுக்கும்போது அலகின் தடிப்பு அளவுக்கு மரம் தூளாகிப் போகிறது. பேச்சு வழக்கில் "ரம்பம் தின்னும் மரம்" என்று வைத்துக்கொள்வோம். 0.2 மில்லிமீட்டர்தானே என்று நினைக்கலாம். சிவப்பு இதழுக்கும் வெள்ளைப் பின்னணிக்கும் நடுவே அந்த 0.2 மில்லிமீட்டர் சந்து கண்ணில் உறுத்தும். இந்தச் சந்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் இருக்கின்றன. அவையே இரண்டு முறைகள்.

முதல் முறை: கட்டு முறை

நான்கு வெனீர்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலும் கீழும் 3 மில்லிமீட்டர் பிளைவுட் வைத்து, ஓரங்களில் நாடாவால் இறுக்கிக் கட்டுங்கள். பிளைவுட் எதற்கு? மெல்லிய வெனீர் தனியாக இருந்தால் அலகின் அசைவில் உடைந்துபோகும். இருபுறமும் தாங்கல் இருந்தால் பிசிறில்லாமல் அறுபடும். மேல் பிளைவுட்டில் படத்தை ஒட்டிவிடுங்கள். வெனீர் 0.6 மில்லிமீட்டர் என்றால், மொத்தக் கட்டின் தடிப்பு 8.4 மில்லிமீட்டர்.

மேசை மட்டமாக, அலகு செங்குத்தாக இருக்கட்டும். கோடுகள் சந்திக்கும் ஓர் இடத்தில் 1 மில்லிமீட்டர் துளையிட்டு, அலகை அதற்குள் நுழைத்து, இழுத்துக் கட்டி, அறுக்கத் தொடங்குங்கள். சிறிய துண்டுகள் முதலில்: மகரந்தத் தண்டு, காம்பு, இலைகள், கடைசியில் இதழ்கள். ஏன் இந்த வரிசை? பெரிய துண்டுகளை முதலில் எடுத்துவிட்டால் கட்டு வலுவிழந்து ஆடும். அப்போது சின்னத் துண்டைப் பிடித்து அறுக்க முடியாது. இரண்டு இதழ்களுக்குப் பொதுவான கோட்டை ஒரே ஒரு முறைதான் அறுக்க வேண்டும். இரண்டாம் முறை போனால் சந்து இரட்டிப்பாகும்.

ஒவ்வொரு துண்டும் நான்கு நிறத்திலும் வெளியே வரும். இதழாக இருந்தால் படாக்கை எடுத்துக்கொண்டு, மற்றவற்றை ஓர் உறையில் போட்டு எண் எழுதி வையுங்கள். பூல் செய்ததுபோல், மீதியிலிருந்து சிவப்புப் பின்னணியில் வெள்ளைப் பூ ஒன்றும் செய்யலாம். ஒரு வகுப்புக்கு இது ரொம்ப வசதி. ஒரு கட்டு அறுத்தால் ஒரு குழுவுக்கே வேலை கிடைக்கும்.

குறை என்ன? எல்லாக் கோடுகளிலும் மெல்லிய சந்து இருக்கும். மரத்தூளைப் பசையோடு குழைத்து அடைத்தால் அது பென்சில் கோடுபோல் தெரியும். கருமையான தூளை வேண்டுமென்றே பயன்படுத்தி அதையே வரைகோடாக மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாம் முறை: சாய்வெட்டு முறை

இம்முறையில் சந்தே இருக்காது. இரண்டு வெனீர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே பின்னணி, மேலே இதழுக்கான படாக். மேசையைச் சற்றுச் சாய்த்து அறுங்கள். அறுபட்ட துண்டு மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கும், அதாவது பாட்டிலை மூடும் தக்கையைப்போல. இப்போது மேல் தாளிலிருந்து வந்த இதழைக் கீழ்த் தாளின் துளையில் இறக்குங்கள். இதழ் கொஞ்சம் பெரியது, துளை கொஞ்சம் சிறியது. ரம்பம் தின்ற அகலத்தை இந்த வேறுபாடு ஈடுகட்டிவிடுகிறது. தக்கை இறுகுவதுபோல் இதழ் பொருந்தி நிற்கும்.

எவ்வளவு சாய்க்க வேண்டும்? கணக்குப் பாடம் இங்கே கை கொடுக்கிறது. சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பு, ரம்பம் தின்னும் அகலத்தை வெனீரின் தடிப்பால் வகுத்தால் கிடைக்கும் எண்ணுக்குச் சமம். அகலம் 0.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால்:

தடிப்பு 0.6 மில்லிமீட்டர்: சாய்வு சுமார் 19.5 பாகை
தடிப்பு 0.9 மில்லிமீட்டர்: சாய்வு சுமார் 13 பாகை
தடிப்பு 1.5 மில்லிமீட்டர்: சாய்வு சுமார் 7.5 பாகை

வெனீர் தடிக்கத் தடிக்கச் சாய்வு குறைவதைக் கவனித்தீர்களா? தடித்த மரத்தில் கொஞ்சம் சாய்த்தாலே மேலுக்கும் கீழுக்கும் போதிய வேறுபாடு வந்துவிடுகிறது.

கணக்குத் தொடக்கம்தான், கழிவுத் துண்டில் சோதித்துப் பார்ப்பதே முடிவு. ஒரு சின்ன வட்டத்தை அறுத்து, மேல் வட்டைக் கீழ்த் துளையில் வையுங்கள். மட்டமாக உட்கார்ந்தால் சரி. இறங்காமல் மேலேயே துருத்திக்கொண்டிருந்தால் சாய்வு அதிகம், குறையுங்கள். கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால் சாய்வு போதாது, கூட்டுங்கள். துளை வழியாகப் பொத்தென்று கீழே விழுந்தால் அறுத்த திசையே தப்பு. மரத்தை வலப்புறமாகச் சுற்றியிருந்தால் இனி இடப்புறமாகச் சுற்றுங்கள். திசை பிடிபட்டதும் கடைசித் துண்டு வரை அதே திசையில்தான் சுற்ற வேண்டும்.

இங்கே துண்டுகளின் வரிசை மாறுகிறது. பார்வைக்குப் பின்னால் இருப்பது முதலில், முன்னால் இருப்பது கடைசியில். எனவே இலை, காம்பு, இதழ்கள், மகரந்தத் தண்டு. இலையைப் பொருத்திவிட்டு, அதன்மேல் படியும் இதழை அறுக்கும்போது இலையின் மறைந்த பகுதியும் தானாக அறுபட்டுவிடும். ஒவ்வோர் இதழுக்கும் படாக் தாளைத் திருப்பி வைத்து ரேகையை விரும்பிய திசையில் அமைக்கலாம் என்பது இம்முறையின் பெரிய நன்மை. ஒரு தடவையில் ஒரு படம்தான் கிடைக்கும் என்பது குறை.

என் பரிந்துரை: வகுப்பில் முதல்முறை செய்பவர்கள் கட்டு முறையில் தொடங்கட்டும். அலகைக் கோட்டின்மேல் நடத்தும் பழக்கம் கைக்கு வந்தபிறகு சாய்வெட்டுக்குப் போகலாம்.

5. சுடுமணல் நிழல்

தட்டையான இதழுக்கு வளைவு தருவது சுடுமணல். இரும்புச் சட்டியில் நுண்மணலை 2, 3 சென்டிமீட்டர் உயரத்துக்குப் போட்டு, மின்னடுப்பில் சூடாக்குங்கள். இடுக்கியால் இதழைப் பிடித்து, நிழல் விழ வேண்டிய ஓரத்தை மட்டும் மணலில் சில விநாடிகள் செருகுங்கள். மணலின் அடியில் சூடு அதிகம், மேலே குறைவு. அதனால் கருமை ஓரத்தில் அடர்ந்து, உள்ளே போகப்போக மங்கிவிடும். தூரிகையால் இந்த மென்மையைக் கொண்டுவருவது கடினம்.

பழுப்பு நிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். கருகினால் மரம் பொடியும். சூட்டில் ஈரம் போவதால் துண்டு கொஞ்சம் சுருங்கும். ஈரத் துணியால் இலேசாகத் தொட்டு, இரண்டு பலகைகளுக்கு நடுவில் சிறிது நேரம் அழுத்தி வைத்தால் நேராகும். சாய்வெட்டு முறையில் ஒவ்வொரு துண்டையும் பொருத்துவதற்கு முன்பே நிழலிட்டுவிட வேண்டும்.

6. பொருத்துதல், ஒட்டுதல், மெருகேற்றுதல்

எல்லாத் துண்டுகளையும் படத்தில் உள்ளபடி அடுக்கி, பார்வைப் பக்கத்தில் பசைத்தாள் நாடாவை ஒட்டுங்கள். தண்ணீர் பட்டால் ஒட்டும் காகித நாடா இது. பின்பக்கம் ஒட்டக்கூடாது. ஒட்டினால் பலகைக்கும் வெனீருக்கும் நடுவில் காகிதம் சிக்கிக்கொள்ளும். பின்பு திருப்பிப்போட்டு, சந்துகளில் தூளும் பசையும் கலந்த குழைவைத் தேயுங்கள்.

அடிப்பலகைக்கு 6 மில்லிமீட்டர் பிளைவுட் அல்லது எம்.டி.எப். போதும். சாதாரண வெள்ளை மரப்பசையைப் பலகையில் மட்டும் மெல்லியதாக, சீராகத் தடவுங்கள். வெனீரில் தடவினால் ஈரம் இழுத்து உடனே சுருண்டுகொள்ளும். படத்தை வைத்து, அதன்மேல் மெழுகுத்தாள், அதற்குமேல் தடித்த பலகை வைத்து, எல்லாப் பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்கி ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில் பலர் விட்டுவிடும் ஒரு படி உண்டு. பலகையின் பின்புறத்திலும் ஒரு சாதாரண வெனீரை ஒட்ட வேண்டும். "யாரும் பார்க்காத பக்கத்துக்கு எதற்கு?" என்று தோன்றலாம். முன்புறம் மட்டும் ஒட்டினால், பசை உலரும்போது வெனீர் ஒரு பக்கமாக இழுக்கும். நம்மூர் ஈரப்பதத்தில் அது மழைக்காலத்தில் விரியும், குளிர்சாதன அறையில் சுருங்கும். பலகை முறுக்கிக்கொள்ளும். இருபுறமும் சம இழுப்பு இருந்தால்தான் பலகை நேராக நிற்கும்.

உலர்ந்தபின் பசைத்தாளை ஈரத் துணியால் நனைத்து, ஊறவிட்டு, மெதுவாகச் சுரண்டி எடுங்கள். நன்றாகக் காய்ந்தபிறகு 150, 220, 320 என்ற வரிசையில் உப்புத்தாளால் தேயுங்கள். வெனீர் 0.6 மில்லிமீட்டர்தான் என்பது நினைவிருக்கட்டும். கையால் தேய்த்தால் போதும், இயந்திரம் வேண்டாம். படாக்கின் சிவப்புத் தூள் மேப்பிளின் துளைகளில் புகுந்து வெள்ளையை அழுக்காக்கும். அதைத் தடுக்க, தேய்ப்பதற்கு முன்பே ஷெல்லாக் ஒரு பூச்சு கொடுத்து, தூளைத் துடைக்காமல் உறிஞ்சுகருவியால் எடுத்துவிடுங்கள். இறுதியாக ஷெல்லாக் அல்லது வார்னிஷ் பூசினால் மறைந்திருந்த ரேகையெல்லாம் எழுந்து வரும்.

7. பாதுகாப்பு

ஸ்க்ரோல் ரம்பம் மற்ற மின்ரம்பங்களைவிட அமைதியானது. அதனாலேயே மாணவர்கள் அலட்சியமாகி விடுவார்கள். பின்வருவனவற்றைப் பட்டறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

• அலகுக்கு நேர் முன்னால் விரலை வைக்காதே. விரல்கள் பக்கவாட்டில் இருக்கட்டும்.
• அலகு மாற்றும்முன் மின்செருகியைக் கழற்று. சுவிட்சை அடைப்பது மட்டும் போதாது.
• கண்ணாடி அணி. அலகு ஒடிந்தால் துண்டு தெறிக்கும்.
• முடியையும் தொங்கும் துணியையும் கட்டி உள்ளே செருகு.
• முகக்கவசம் அணி. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் ஒன்றாக உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது.
• சுடுமணல் சட்டியின் அருகில் ஆசிரியர் இல்லாமல் நிற்காதே.

8. தேர்வு மாணவர்களுக்கு மொழிக் குறிப்புகள்

அ) வினைச்சொல் துல்லியம். தமிழில் மர வேலைக்குத் தனித்தனி வினைகள் உண்டு. ரம்பத்தால் அறுக்கிறோம், கத்தியால் வெட்டுகிறோம், உளியால் செதுக்குகிறோம், இழைப்புளியால் இழைக்கிறோம், உப்புத்தாளால் தேய்க்கிறோம். எல்லாவற்றுக்கும் "வெட்டி" என்று எழுதினால் செயல் மங்கிவிடும். இழைத்தல் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. மணி இழைத்த மகுடம் என்கிறோமே, அங்கே அது பதித்தல். நாம் இன்று பேசிய கலைக்கு நெருக்கமான பழைய தமிழ்ச் சொல் இது.

ஆ) படியோடு காரணம். "பின்புறமும் வெனீர் ஒட்ட வேண்டும்" என்பது கட்டளை. "ஒருபுறம் மட்டும் ஒட்டினால் பலகை முறுக்கிக்கொள்ளும், ஆகையால் பின்புறமும் வெனீர் ஒட்ட வேண்டும்" என்பது விளக்கம். கருத்து விளக்கக் கட்டுரையில் உங்களிடம் எதிர்பார்ப்பது இரண்டாவதைத்தான். ஏனெனில், ஆகவே, இதனால், இல்லாவிடில் ஆகிய இடைச்சொற்களையும் தொடர்களையும் கைவசம் வைத்திருங்கள்.

இ) வரிசைச் சொற்கள். முதலில், பின்னர், அதன்பிறகு என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் போட்டால் சலிப்புத் தட்டும். "உலர்ந்தபின்", "நனைத்து" என்று வினையெச்சத்திலேயே வரிசையைச் சொல்லிவிடலாம். மேலே பாதுகாப்புக் குறிப்புகள் தவிர மற்ற பகுதிகளில் வரிசை எப்படி வந்திருக்கிறது என்று அடிக்கோடிட்டுப் பாருங்கள்.

ஈ) பேச்சு வழக்கு. இந்தக் கட்டுரையில் "ரொம்ப", "தப்பு", "பொத்தென்று" போன்ற சொற்கள் உங்களோடு பேசுவதற்காக வந்தவை. தேர்வுத்தாளில் மிகவும், தவறு, உடனே என்று எழுதுங்கள்.

உ) ஒப்புமை. தெரியாத ஒன்றைத் தெரிந்த ஒன்றால் காட்டுங்கள். ஸ்க்ரோல் ரம்பத்துக்குத் தையல் இயந்திரம், சாய்வெட்டுக்குப் பாட்டில் தக்கை. ஒரு பத்தியில் ஓர் ஒப்புமை போதும். அதற்குமேல் போனால் விளக்கம் திசை மாறும்.

9. பயிற்சி

1. கட்டு முறையில் சிறிய துண்டுகளை முதலில் அறுக்கிறோம். சாய்வெட்டு முறையில் பின்னால் இருப்பதை முதலில் அறுக்கிறோம். இந்த வேறுபாட்டின் காரணத்தை 60 சொற்களில் எழுதுக.

2. ரம்பம் தின்னும் அகலம் 0.3 மில்லிமீட்டர், வெனீரின் தடிப்பு 0.6 மில்லிமீட்டர். சாய்வுக் கோணம் எவ்வளவு? கணக்கைத் தமிழ் வாக்கியங்களில் விளக்குக. (விடை: 30 பாகை)

3. இணையராக அமர்க. உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு கைவேலையை 150 சொற்களில் எழுதி நண்பரிடம் கொடுங்கள். அவர் கேள்வி எதுவும் கேட்காமல், எழுதியதை மட்டும் வைத்துச் செய்து காட்ட வேண்டும். அவர் கை எந்த வரியில் நிற்கிறதோ, அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.

ஆசிரியர் நண்பர்களே, பட்டறை வசதி இல்லாத பள்ளியாக இருந்தால், வெனீருக்குப் பதிலாக வண்ண அட்டையும் ஆசிரியர் மேற்பார்வையில் வெட்டுக்கத்தியும் கொண்டு கட்டு முறையின் கருத்தை வகுப்பிலேயே காட்டலாம். நான்கு நிற அட்டைகளை அடுக்கி ஒரே தடவையில் வெட்டினால் நான்கு விதப் படங்கள் கிடைக்கும். மூன்றாம் பயிற்சிக்கு அதுவே நல்ல தொடக்கம். மாணவர்கள் எழுதிய விளக்கங்களில் சிறந்தவற்றைச் சேர்த்து வையுங்கள், அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு அவை மாதிரிக் கட்டுரைகளாகப் பயன்படும்.